காரைக்குடி லேத்துப் பட்டறையில் என் எஸ்டீம் இன்ஜின்: நாலு மாதம், ஒன்றே முக்கால் லட்சம்

போர்டு கிடையாது. கழனிவாசல் பக்கம் போய் ஆட்டோ ஸ்டாண்டில் "லேத்து மேஸ்திரி பட்டறை" என்று கேட்டால் கைகாட்டுவார்கள். தகரக் கூரை, ஒரு வேப்பமரம், வாசலிலேயே வயிறு திறந்து கிடக்கும் டிராக்டர் இன்ஜின் ஒன்று. இந்த இடத்திலா ரேஸ் டிராக்குக்கு இன்ஜின் செய்கிறார்கள் என்று முதல் நாள் எனக்கும் தோன்றியது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மேஸ்திரி என்றே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ரெண்டு வரி. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். தேக்குக் கதவு, எனாமல் தூக்குவாளி, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, இதெல்லாம்தான் சோறு போடுகிறது. வருஷத்துக்கு நாலைந்து தடவை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய் வண்டி ஓட்டிவிட்டு வருவேன். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். ரேஸ் வீரர் கரிவர்தன் பெயரில் 2003இல் திறந்த டிராக் அது. ஆபத்தில்லாமல் வேகமாக ஓட்ட நம் பக்கத்துக்கு அதுதான் கிட்டம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இன்னும் பெரிது. அங்கே ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன்.

வண்டி 2004 மாருதி எஸ்டீம். அப்பா வாங்கியது. 1298 சிசி, 16 வால்வு, கம்பெனி சொன்ன பவர் 85 குதிரை. இந்த 1300 சிசி குடும்பத்து இன்ஜின்தான் எல்ஜிபி பார்முலா என்ற ரேஸ் வண்டிகளிலும் ஓடுகிறது என்பதால், தைரியமாக இதில் காசு போடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தைரியத்தில் முதல் தடவை போன இடம் வேறு ஊர், வேறு கடை. பெயர் வேண்டாம். குளுகுளு அறை, சுவர் முழுக்க ஸ்டிக்கர், மேஜையில் லேப்டாப். வால்வைத் திறந்து மூடுகிற கேம் மாற்றினார்கள், ஏர் பில்டர் மாற்றினார்கள், ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றுகிற எண்ணிக்கை) வரம்பை 7200க்கு ஏற்றினார்கள். இன்ஜினுக்குள் கை வைக்கவே இல்லை. கரியில் மூணாவது சுற்று, நீளமான வளைவு ஒன்றில் ஆயில் விளக்கு கண் சிமிட்டியது. சிமிட்டியதுதானே என்று விட்டேன். அஞ்சாவது சுற்றில் உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது. லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதே லாரியோடு மேஸ்திரி பட்டறை வாசலில் நின்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆயில் பிரஷர் மீட்டர் வண்டியில இருக்கா தம்பி?"

இல்லை என்றேன். பவர் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. உள்ளே போய், சாப்பாட்டுக்கு வந்திருந்த மோர்ச் சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் மெதுவாகச் சாய்த்தார். "இதுதான் உன் சம்ப், இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி. நீ வளைவுல திரும்பறப்ப ஆயில் இங்கிட்டுப் போயிருது. உறிஞ்சுற பைப்பு அங்கிட்டு இருக்கு. அது ஆயிலை உறிஞ்சுமா, காத்தை உறிஞ்சுமா?" மோர் விளிம்பைத் தாண்டி அவர் வேட்டியில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

அன்றைக்கு ராத்திரி இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாகிவிட்டால், ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். என் வண்டி டயருக்கு அவ்வளவு வராது. ஆனால் 35, 40 டிகிரி தாராளமாக வரும். காரைக்குடி டவுனில் கார் ஓட்டுகிறவனுக்கு இந்தப் பிரச்சினை ஜென்மத்துக்கும் தெரியாது. ஒரு வளைவில் ரெண்டு விநாடி ஆயில் போகாவிட்டால் பேரிங்குக்கு அதுவே போதும்.

சரி, அவர் என்னென்ன செய்தார் என்று சொல்கிறேன். இந்தப் பட்டறையின் அருமை அதில்தான் இருக்கிறது.

இன்ஜினை இறக்கியதும் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்), கிராங்க், கனெக்டிங் ராட் எல்லாவற்றையும் கழுவி ஒரு சாக்கின் மேல் பரப்பினார். ராட்களை ஒவ்வொன்றாகக் காந்தமேற்றி, இரும்புத்தூள் கலந்த எண்ணெயை ஊற்றினார். எங்காவது மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்தத் தூள் அங்கே கோடாகக் கூடி நிற்கும். மூன்று ராட் சுத்தம். ரெண்டாம் நம்பரில், போல்ட் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், நகக்கீறல் அளவுக்கு ஒரு கருப்புக் கோடு. எனக்கு அது அழுக்கு மாதிரி தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் ஊற்றினார். அதே இடத்தில் அதே கோடு. "இதோட இன்னும் பத்துச் சுத்து ஓடியிருந்தா பிளாக்குல ஜன்னல் வச்சிருக்கும்" என்றார்.

ஏன் ராட் மேல் இவ்வளவு கண் என்றால், இன்ஜின் வேகம் ஏற ஏற ராடையும் அதன் போல்ட்டையும் பிய்க்கிற விசை வேகத்தின் இருமடிக்கு ஏறுகிறது. 6000 ஆர்பிஎம்மில் ஓடியதை 7200க்குக் கொண்டுபோனால் வேகம் அஞ்சில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். விசை 1.44 மடங்கு ஆகிவிடும். லேப்டாப்பில் ஒரு எண்ணை மாற்ற ஒரு நிமிஷம் போதும். அந்தப் போல்ட்டுக்கு யார் சொல்வது? நான்கு ராடுக்கும் புதுப் போல்ட். பழசை என் கையிலேயே கொடுத்துவிட்டார், "திரும்ப எங்கயும் போட்டுறாத" என்று.

நல்ல ராட் ஒன்றைத் தேடிப் பிடித்து நாலையும் எடை சமன் செய்தார். இதில் ஒரு நுணுக்கம். மொத்த எடை சமமானால் போதாது. பெரிய முனை, சின்ன முனை ரெண்டையும் தனித்தனியாகத் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். வித்தியாசம் ஒரு கிராமுக்குள் வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்ப்பதும் ராடின் நீளவாக்கில் மட்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும் என்று, குறுக்கே அரம் போட்ட பையனுக்கு மண்டையில் ஒரு குட்டு. (அந்தப் பையன் ஐடிஐ முடித்தவன். ஒரு வருஷம் இங்கே நின்றுவிட்டால் எங்கும் பிழைத்துக்கொள்வான்.)

சிலிண்டர் போரிங் 74 மில்லிமீட்டரிலிருந்து 74.5. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 75.5தான், அதனால் சிசி 1316 ஆகிறது. பதினெட்டு சிசி கூடியதற்குப் பவர் ஒன்றும் கொட்டிவிடாது. தேய்ந்த சுவரைச் சரிசெய்யத்தான் அது. ஆனால் ஹோனிங், அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கல்லால் தேய்த்து முடிக்கிற வேலை, போட்ட விதம் பார்க்க வேண்டியது. நல்ல கனத்தில் ஒரு இரும்புப் பலகை வைத்திருக்கிறார். சிலிண்டருக்கு மூடியான ஹெட் உட்காரும் இடத்தில் அதை வைத்து, ஹெட் போல்ட் முறுக்குகிற அதே கணக்கில் முறுக்கிவிட்டு, அப்புறம்தான் ஹோனிங். ஹெட்டைப் பூட்டினால் பிளாக் லேசாக நெளியும். நெளியாத பிளாக்கில் வட்டமாகக் குடைந்த சிலிண்டர், பூட்டியபிறகு முட்டை வட்டம் ஆகிவிடும். அதனால் முதலிலேயே நெளியவிட்டு, நெளிந்த நிலையில் வட்டமாக்கிவிடுகிறார். இந்தப் பலகையை அவரே லேத்தில் கடைந்தது. என் இன்ஜினுக்காக புதுசாக ஒன்று செய்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ஹோனிங் முடிந்து டார்ச் அடித்துக் காட்டினபோது எனக்கு ஏமாற்றம். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக இருந்தது. நான் புழங்குகிற வீடுகளில் சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கல் வைத்துத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி வழவழப்பாக்கி வைத்திருப்பார்கள். நூறு வருஷம் ஆனாலும் கை வைத்தால் வழுக்கும். அந்தக் கண்ணோடு பார்த்தால் இது அரைகுறை வேலை. சொன்னேன். சிரித்தார். "செட்டியார் வீட்டுச் சுவத்துல எண்ணெ நிக்கக் கூடாது. இதுல எண்ணெ நிக்கணும்." அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்குகிறது, அதன் மேல்தான் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சறுக்குகிறது. கண்ணாடி மாதிரி இருந்தால் ரிங் உட்காராது, புகை கக்கும். அதற்குப் பிறகு நான் எதையும் அழகா இருக்கிறதா என்று கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

ரிங் இடைவெளியை ரோட்டு வண்டியை விடக் கொஞ்சம் கூடுதலாக வைத்தார். டிராக்கில் சூடு அதிகம். ரிங் விரிந்து ரெண்டு முனையும் முட்டிக்கொண்டால் சுவரைக் கிழித்துவிடும். ஒவ்வொரு ரிங்கையும் அதனதன் சிலிண்டரில் இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, பில்லர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்து, பத்தாவிட்டால் வெளியே எடுத்து ரெண்டு இழுப்பு அரம். இப்படி ஒரு சாயங்காலம் முழுக்க ஓடியது. நான் போரடித்துக் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

அடுத்தது ஹெட். நான் மட்டும் ரசித்த விஷயம் ஒன்று இதில் உண்டு. ஹெட்டை மல்லாத்தி மட்டம் பார்த்து வைத்து, வால்வும் பிளக்கும் போட்டு, பெட்ரோல் எரிகிற அறையின் வாயில் கிரீஸ் தடவி ஒரு அக்ரிலிக் தகட்டை ஒட்டி, அதில் உள்ள துளை வழியாகக் கண்ணாடிக் குழாயிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டுவிடுகிறார். அறை நிரம்ப எத்தனை சிசி பிடிக்கிறது என்று கணக்கு. அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பள்ளிக்கூடத்து லேப் சாமான் ஏலத்தில் நான் எடுத்துவந்து, என் கடையிலிருந்தே எண்பது ரூபாய்க்குப் போன ப்யூரெட் அது! நாலு அறையில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை சிசி அதிகமாக இருந்தது. நாலும் சமமாகும்வரை சின்னச் சின்னதாகச் சுரண்டினார். ஒரு சிலிண்டர் மட்டும் அதிகம் அமுக்கினால் அதுதான் முதலில் நாக்கிங் (பெட்ரோல் கண்டபடி வெடித்துத் தட்டுவது) கொடுக்கும், அதன் பிஸ்டன்தான் முதலில் போகும்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அமுக்குவது என்ற கணக்கை, 11 வை என்று நான் பிடிவாதம் பிடித்தேன். 10க்கு மேல் மாட்டேன் என்றார். "பங்குல நீ என்ன பெட்ரோல் போடுறே? சித்திரை வெயில்ல எத்தனை டிகிரியில ஓட்டுறே? அதைச் சொல்லு, அப்புறம் 11 பேசலாம்." பேச்சு அதோடு முடிந்தது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2004 வண்டியின் ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது. எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி, அதற்கான பட்டியலை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். இதை ஸ்டிக்கர் கடையில் யாரும் சொல்லவில்லை.

சம்ப்புக்குள் தடுப்புத் தகடு, உறிஞ்சு பைப்பைச் சுற்றிச் சின்னக் கதவுகள். ஆயில் உள்ளே வரலாம், வளைவில் வெளியே ஓட முடியாது. வெளியே ஒரு ஆயில் கூலர். டேஷ்போர்டில் ஆயில் பிரஷர், ஆயில் சூடு ரெண்டுக்கும் மீட்டர். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பவுண்டு பிரஷர், அதற்குக் கீழே போனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு. இதுதான் எனக்குக் கொடுத்த ஒரே டிரைவிங் பாடம். ரேடியேட்டரில் நான் வீட்டுத் தண்ணீரை ஊற்றப்போனபோதும் ஒரு திட்டு. காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் ரேடியேட்டருக்குக் கூலன்ட்தானாம்.

பூட்டுகிற அன்று காலை ஆறரைக்கே வரச் சொல்லியிருந்தார். வெயில் ஏறினால் காற்றில் தூசி ஏறும் என்பது காரணம். கிராங்க் பேரிங்கில் பச்சை நிறத்தில் மெழுகு நூல் ஒன்றை வைத்து, மூடி போட்டு முறுக்கி, திரும்பக் கழற்றினார். நூல் நசுங்கிப் பட்டையாகியிருந்தது. அந்தப் பட்டை எவ்வளவு அகலமோ அதை வைத்து இடைவெளி தெரியும். ஒரு அங்குல விட்டத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது அவர் கணக்கு. ஒன்று இறுக்கமாக வந்தது. ஷெல்லை மாற்றிப் போட்டு மறுபடி நூல், மறுபடி முறுக்கு. அந்த ஒரு பேரிங்குக்கு முக்கால் மணி நேரம். ஒவ்வொரு அளவையும் ஒரு பழைய டைரியில் பென்சிலால் எழுதிக்கொண்டார். கடைசியில் அந்தப் பக்கங்களை நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பில் கேட்டால் அதுதான் பில்.

இப்போது குறைகள்.

ஆறு வாரம் என்றார், நாலு மாதம் ஆனது. தை கடைசியில் கொடுத்த இன்ஜின் ஆனி பிறக்கத்தான் வண்டியில் ஏறியது. முத்துமாரியம்மன் பால்குடத்துக்கு ஒரு வாரம் பட்டறை பூட்டு, அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் பால்குடம் எடுத்தவன். ஆனால் பிஸ்டன் வந்து மூன்று வாரம் சும்மா கிடந்ததற்கு, நடுவில் வந்த ரெண்டு டிராக்டர்தான் காரணம். போன் எடுக்க மாட்டார். நேரில் போய் நின்றால்தான் வேலை நகரும். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய கஷ்டம். உட்கார ஒரு பெஞ்சு இல்லை. ஜிஎஸ்டி பில் இல்லை. கிராங்க் பேலன்சிங் இங்கே கிடையாது, கோயம்புத்தூருக்கு அனுப்பினார், போகவர நாளும் காசும் தனி. ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரின் டியூனிங் என்றால் கையை விரித்துவிடுவார், அதை வெளியேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்ப்பில் தடுப்பு வைத்த வெல்டிங் முதல் ஓட்டத்திலேயே கசிந்தது. திரும்பக் கழற்றிச் சரிசெய்தார், காசு கேட்கவில்லை, ஆனாலும் என் ஒரு வாரம் போயிற்று. கேரண்டி உண்டா என்றேன். டிராக்குக்குப் போகிற இன்ஜினுக்கு எவன் கேரண்டி தந்தாலும் நம்பாதே என்றார். சரிதான், ஆனால் காசு கொடுக்கிறவனுக்கு அது சுகமான பதில் இல்லை.

பிஸ்டன், ரிங், பேரிங், போல்ட், கேஸ்கட், கூலர், மீட்டர், கூலி எல்லாம் சேர்த்து 1,74,000 ரூபாய். இதில் அவர் கூலி 52,000தான். முதல் கடையில் வெளியே பூட்டுகிற சாமானுக்கே இந்த மொத்தத் தொகையைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

பலன்? டியூனிங் முடித்து டைனோ என்ற பவர் அளக்கிற மெஷினில் ஏற்றியபோது சக்கரத்தில் 83 குதிரை வந்தது. ஸ்டாக்காக இருந்த காலத்தில் இதே டைனோவில் 71. கம்பெனி சொன்ன 85 இன்ஜின் கணக்கு, சக்கரத்துக்கு வருவதற்குள் கியர்பாக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு குதிரைக்கா ஒன்றே முக்கால் லட்சம் என்று மச்சான் கேட்டான். அவனிடம் ஆயில் பிரஷர் மீட்டரைத்தான் காட்ட வேண்டும். ஆவணியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை, ரெண்டு நாளிலும் பதினைந்து பதினைந்து நிமிஷமாக மொத்தம் எட்டு ஓட்டம் ஓட்டினேன். அதே நீள வளைவில் முள் அறுபதை விட்டு இறங்கவில்லை. ஆயில் சூடு 118 டிகிரியில் நின்றது. வரம்பை 6900இல் வைத்திருக்கிறோம், மேஸ்திரி சொல்தான். சுற்றுக்கு ரெண்டு விநாடிக்கு மேல் குறைந்திருக்கிறது. அதில் பாதி இன்ஜின், பாதி எனக்கு வளைவில் பயம் போனது.

ஒரு விஷயம் மறந்துவிடப் போகிறேன். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு அலையாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு கம்பெனி அளவை மாற்றுவதைத் தடுக்கிறது. நான் லாரியில்தான் ஏற்றிப்போகிறேன். போட்டியில் ஓட்ட இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எப்எம்எஸ்சிஐ லைசென்சும் வேண்டும்.

ரோட்டு வண்டிக்கு ஓவர்ஹாலிங் வேண்டுமானால் இவரிடம் போகாதீர்கள், அதற்கு டவுனில் சீக்கிரம் முடித்துக் கொடுக்கிற நல்ல ஆள்கள் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் போட்டி இருக்கிறது என்றாலும் வேண்டாம். இன்ஜின் உள்வேலை மட்டும், அவசரம் இல்லாமல், அடிக்கடி போய் நிற்க முடியும் என்றால் போகலாம். போகும்போது சாயங்காலம் நாலுக்கு மேல் போங்கள், சுக்குக் காபி குடித்துவிட்டு நல்ல மூடில் இருப்பார்.

சம்ப்பை இறக்கி பேரிங் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்: சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு மறுநாள், காலை ஆறரை. மோர் நான் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.